மண்டையைத் திறக்காமல் மூளையைப் பார்க்க உதவிய கணக்கு: யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி ஜேஜேன்னு ஆகிவிடும். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு எங்கே பார்த்தாலும் கூட்டம். பாசி பிடித்த பாறையில் அவசரமாகக் கால் வைத்து வழுக்கி விழுபவர்களும் உண்டு. தலையில் லேசான அடிதான், ரத்தம்கூட வந்திருக்காது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்து வாந்தி, மயக்கம். தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டர் முதலில் எடுக்கச் சொல்வது தலைக்கு ஒரு சி.டி. ஸ்கேன்.

மெஷினுக்குள் தலையை வைத்து எடுத்த சில நிமிடங்களில், வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கி வைத்த மாதிரி மூளை திரையில் தெரியும். எங்கேயாவது ரத்தம் கசிந்திருந்தால் வெள்ளையாகக் காட்டிக் கொடுத்துவிடும். உள்ளே கத்தியே படாமல் இந்தப் படம் எப்படி வருகிறது? எக்ஸ்ரே பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதி ஒரு கணக்கு. அந்தக் கணக்கை வேகமாகப் போட வழி சொன்னவர்களில் ஒருவர், நெல்லைச் சீமையைப் பூர்வீகமாகக் கொண்ட ஜி.என்.ராமச்சந்திரன்.

சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்ததே ஒரு தமிழர்தான் என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். அது சரியில்லை. ஆனால் அவருக்கும் ஸ்கேனுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மூளை, ராமச்சந்திரன் என்று தேடினால் முதலில் வருகிறவர் வி.எஸ்.ராமச்சந்திரன். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலிப்பது ஏன் என்று ஆராய்ந்தவர் அவர். நாம் பேசப்போவது வேறு ஆள், அவருக்கு ஒரு தலைமுறை மூத்தவர்.

பெயரிலேயே ஊர் இருக்கிறது

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் என்பது முழுப்பெயர். கோபாலசமுத்திரம் சேரன்மகாதேவி, பத்தமடை வட்டாரத்தில் இருக்கிற ஊர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும் வரை இந்த ஊரும் தென்காசியும் ஒரே நெல்லை மாவட்டம்தான். ஆனால் அவர் பிறந்தது இங்கே இல்லை. 1922 அக்டோபர் 8-ம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகனுக்குக் கணக்கு வீட்டிலேயே கிடைத்தது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தது மின் பொறியியல் படிக்க. அங்கே இருந்தவர் சர் சி.வி.ராமன். பையனின் மூளையைக் கவனித்த ராமன், அவரைத் தன் இயற்பியல் துறைக்கே இழுத்துக்கொண்டார். படிகங்களில் எக்ஸ்ரே எப்படிச் சிதறுகிறது என்பதுதான் அங்கே வேலை. 1947-ல் இங்கிலாந்துக்குப் போய், கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. முடித்து 1949-ல் திரும்பினார்.

எக்ஸ்ரே சிதறல் என்றால் என்ன? ஒரு பொருளின் மீது எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால், தெறித்து வரும் கதிர்கள் ஃபிலிமில் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளை வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். பொருளை உடைக்காமல், வெளியே விழுந்த தடத்தை வைத்தே உள்ளே இருப்பதைச் சொல்வது. ராமச்சந்திரன் வாழ்நாள் முழுக்க ஏதோ ஒரு வடிவத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கிண்டியில் கங்காரு வால்

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேவைப்பட்டார். துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் முதலில் கேட்டது ராமனை. ராமன் கைகாட்டியது தன் மாணவரை. சுமார் 30 வயதில் ராமச்சந்திரன் துறைத் தலைவர் ஆனார்.

அந்தச் சமயம் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். நம் தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன்தான். பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றால் கொலாஜன்தானே! அங்கிருந்து கங்காருவின் வால் தசைநார் மாதிரிகூடக் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-லும் 1955-லும் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார். மூன்று இழை, ஜடை பின்னிய மாதிரி ஒன்றையொன்று சுற்றியிருக்கும் மும்மைச் சுருள். தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு இன்றைக்கும் 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்றுதான் பெயர்.

டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதில் குறை கண்டார்கள். சில அணுக்கள் இருக்க வேண்டியதைவிட நெருக்கமாக இருக்கின்றன, அப்படி இருக்கவே முடியாது என்றார்கள். சுருளை ஒத்துக்கொண்டு, அதன் விவரங்களை மாற்றினார்கள். ராமச்சந்திரன் இதைச் சும்மா விடவில்லை. சரி, இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் முடியாது? சசிசேகரன், ராமகிருஷ்ணன் என்ற இரண்டு பேரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, 1963-ல் ஒரு வரைபடமாகவே கொடுத்துவிட்டார். அதுதான் 'ராமச்சந்திரன் பிளாட்'. உலகத்தில் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று முதலில் சோதித்துப் பார்ப்பது இந்த வரைபடத்தில்தான். விமர்சனத்துக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியுமா தெரியவில்லை.

மங்குஸ்தானும் மண்டை ஓடும்

இனி மூளைக்கு வருவோம். குற்றாலம் கடைவீதியில் மங்குஸ்தான் வாங்கியிருப்பீர்கள். அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சின்னப் பூ மாதிரி இதழ்கள் இருக்கும். எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. உடைக்காமலே சொல்லிவிடலாம். மண்டை ஓட்டில் அப்படி எந்த அடையாளமும் இல்லையே, அங்கேதான் சிக்கல்.

சாதாரண எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். முன் எலும்பு, மூளை, பின் எலும்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஃபிலிமில் விழும். எலும்பு பளிச்சென்று இருக்கும், மூளையும் ரத்தமும் கட்டியும் அதற்குள் அமுங்கிப் போகும். அதனால் அந்தக் காலத்தில் முதுகுத் தண்டில் இருக்கிற நீரை எடுத்துவிட்டு, காற்றைச் செலுத்தி, அது மூளையின் இடுக்குகளில் ஏறிய பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியபோது கையில் இருந்தது இந்த மாதிரி வழிகள்தான். கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பாதி ஊகத்தில்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நிழல் போதாது என்றால் சுற்றிச் சுற்றிப் பல நிழல் எடுத்தால்? பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு கிடங்கு நிறைய மூட்டைகள் கட்டம் கட்டமாக அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிசையின் மொத்த எடை மட்டும்தான் நமக்குத் தெரியும். கிழக்கு மேற்காக ஒரு கூட்டல், தெற்கு வடக்காக ஒரு கூட்டல். இது போதாது. மூலைவாட்டில், இன்னும் கொஞ்சம் சாய்வாக, இப்படிப் பல திசையிலும் கூட்டிச் சொன்னால் ஒவ்வொரு மூட்டையின் எடையையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். எக்ஸ்ரே தருவதும் வரிசையின் கூட்டுத்தொகையைத்தான். ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோகான் ராடான், இது முடியும் என்று 1917-லேயே நிரூபித்துவிட்டார். அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக் 1963, 1964-ல் ஸ்கேனுக்கான கணக்கைத் தனியாகப் போட்டார். அதையும் அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

மெஷினைச் செய்து காட்டியவர் இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். ஒரு டிகிரி ஒரு டிகிரியாக 180 கோணம், ஒவ்வொன்றிலும் 160 அளவீடு. மொத்தம் 28,800 எண்கள். இவற்றை வைத்து, ஒரு படத்தை ஊகித்து, பொருந்தாத இடத்தைத் திருத்தி, மறுபடி திருத்தி என்று கணக்குப் போட வேண்டும். ஸ்கேன் எடுக்க ஐந்து நிமிடம். படம் வர பெரிய கம்ப்யூட்டரில் இரண்டரை மணி நேரம்!

ராமச்சந்திரன் என்ன செய்தார்?

1971-ல்தான் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். சிகாகோ பல்கலைக்கழகத்துக்கும் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த தட்டையான படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தை மீட்பது எப்படி என்ற கேள்வி விஞ்ஞானிகளிடையே ஓடிக்கொண்டிருந்தது. அப்போது இருந்த வழி ஃபூரியர் மாற்றம். சுற்றி வளைத்துப் போகும், கம்ப்யூட்டர் நேரத்தைத் தின்னும். ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் ஏ.வி.லட்சுமிநாராயணனும் நேர்வழி ஒன்றைச் சொன்னார்கள்.

ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திருப்பிப் படத்தின் மேல் இழுகினால், எல்லா இழுகலும் சேர்ந்து ஒரு உருவம் வரும். ஆனால் மழைச் சாரல் பட்ட கோலம் மாதிரி மங்கலாக இருக்கும். காரணம், ஒரு புள்ளியின் நிழல் போகிற வழியெல்லாம் மாவைச் சிந்திவிட்டுப் போகிறது. அதனால் இழுகுவதற்கு முன்னாடியே நிழலைச் சரிசெய்ய வேண்டும். எப்படி? ஒவ்வொரு இடத்திலும் அங்கே இருக்கிற மதிப்பில் கால் பங்கை வைத்துக்கொள். இரு பக்கமும் அடுத்து இருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் கழி. அதற்கு அடுத்ததைத் தொடாதே. மூன்றாவதில் இன்னும் சின்னப் பங்கைக் கழி. இப்படியே போகும். எல்லாப் பங்கையும் கூட்டினால் சரியாகப் பூஜ்யம் வரும். இப்படித் திருத்திய நிழல்களை இழுகினால், சிந்திய மாவு ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். கோலம் மட்டும் பளிச்சென்று நிற்கும்.

பெருக்கல், கூட்டல், கழித்தல், அவ்வளவுதான் வேலை. ஊகித்துத் திருத்துவது இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. எல்லா நிழலும் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு நிழலும் வர வர அதைத் திருத்தி இழுகிவிடலாம். ஸ்கேன் முடியும்போது படமும் ஏறக்குறையத் தயார்.

இது அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் 1971 செப்டம்பரில் வெளியானது. அக்டோபர் 1-ம் தேதி, லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில், மூளைக் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலையை ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷின் முதல்முதலாகப் படம் எடுத்தது. ஒன்று கணக்கு, ஒன்று மெஷின். அடுத்தடுத்த மாதத்தில், தனித்தனியாக. 1970-களின் நடுவில் வந்த மெஷின்கள் இந்த நேர்வழிக்கு மாறின. இரண்டரை மணி நேரம் என்ற பேச்சே போய்விட்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே கணக்கை 1967-லேயே வானத்து ரேடியோ அலைகளைப் படமாக்க ரொனால்ட் பிரேஸ்வெல் என்பவர் பயன்படுத்தியிருந்தார். 1974-ல் ஷெப், லோகன் என்ற இருவர் இந்தப் பங்குகளைக் கொஞ்சம் மாற்றி, படத்தில் வரும் புள்ளி இரைச்சலைக் குறைத்தார்கள். ஆனாலும் துறையில் நிலைத்த பெயர் 'ராம்-லாக் ஃபில்டர்'. ராமச்சந்திரனில் பாதி, லட்சுமிநாராயணனில் பாதி. பொறியியல் மாணவர்கள் பயன்படுத்தும் மேட்லாப் மென்பொருளில் இப்படிப் படத்தை மீட்கும் கட்டளையைக் கொடுத்தால், வேறு எதுவும் சொல்லாதவரை அது எடுத்துக்கொள்வது ராம்-லாக்கைத்தான்.

1979-ல் சி.டி. ஸ்கேனுக்காக மருத்துவ நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது. அதில் ராமச்சந்திரனை விட்டுவிட்டார்களே என்று ஒரு ஆதங்கம் இங்கே உண்டு. என்னைக் கேட்டால், அந்தப் பரிசில் பெரிய அநியாயம் எதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது 1963-ன் வரைபடத்துக்கும் கொலாஜனுக்கும்தான். லண்டன் ராயல் சொசைட்டி 1977-ல் அவரை உறுப்பினராக்கியது.

தென்காசிக்காரருக்கு இதனால் என்ன?

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தளரும், பேச்சு குழறும். பெரும்பாலும் மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பாக இருக்கும். சிலருக்குக் குழாய் வெடித்துக் கசிவாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், அதுவும் நாலரை மணி நேரத்துக்குள். கசிவு இருக்கிறவருக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. பிரித்துச் சொல்ல வேண்டியது சி.டி. ஸ்கேன்.

ஸ்கேன் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் தருகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. மூளைத் திசு 30, 40 பக்கம் நிற்கும். புதிதாகக் கசிந்த ரத்தம் 50-ஐத் தாண்டும். வித்தியாசம் அவ்வளவு சின்னது. மங்கலான படமாக இருந்தால் இந்த வித்தியாசம் காணாமலே போய்விடும். அடைப்பு ஆரம்பத்தில் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறம் ஏன் ஊசி போடறாங்கன்னு வீட்டுக்காரர்கள் குழம்புவது இதனால்தான். கசிவு இல்லை என்பதை உறுதி செய்வதுதான் அந்த முதல் ஸ்கேனின் வேலை.

இப்போது கடையநல்லூரிலோ சங்கரன்கோவிலிலோ ஒருவருக்குக் கை தளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைத்து, வண்டி வந்து, தென்காசியோ பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியோ போய்ச் சேர்வதற்குள் நேரம் ஓடிவிடும். தென்காசியிலிருந்து நெல்லைக்கே 50 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு மேல் படத்துக்கு இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றால் அந்த ஊசிக்கு அர்த்தமே இல்லை.

இன்றைய புதிய மெஷின்களில் ஊகித்துத் திருத்தும் பழைய முறையே வேறு வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. கம்ப்யூட்டர்கள் அவ்வளவு வேகமாகிவிட்டன. குறைந்த கதிர்வீச்சிலேயே நல்ல படம் எடுக்க அது உதவுகிறது. ஆனால் அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்து ஸ்கேன்களை ஓட்டியது இந்தத் திருத்தி இழுகும் கணக்குதான்.

ஸ்கேனில் தெரியாத நோய்

பிற்காலத்தில் ராமச்சந்திரனின் கவனம் தர்க்கவியல் பக்கம் திரும்பியது. இந்தியத் தத்துவ மரபின் தர்க்கத்தைக் கணித வடிவில் எழுத முயன்றார். பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை. அவருக்கு வந்தது பார்க்கின்சன் நோய். மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை தளரும். அறிகுறி தெரிய ஆரம்பிக்கும்போதே அந்தச் செல்களில் பெரும்பகுதி போயிருக்கும்.

பார்க்கின்சன் வந்தவரின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் வயதுக்கேற்ற சாதாரண மூளையாகத்தான் தெரியும். கட்டியோ கசிவோ காரணம் இல்லை என்று ஒதுக்கத்தான் அது உதவும். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்துத்தான்.

1998-ல் மனைவி ராஜலட்சுமி இறந்தார். வாழ்நாள் முழுக்க அவரைத் தாங்கிப் பிடித்திருந்தவர் அவர். 1999-ல் படிகவியலின் உயரிய விருதான எவால்ட் பரிசு ராமச்சந்திரனுக்கு அறிவிக்கப்பட்டது. 2001 ஏப்ரல் 7-ம் தேதி சென்னையில் காலமானார்.

டோபமைன் செல்களின் இழப்பைப் படத்தில் காட்டும் ஸ்கேனும் பின்னாளில் பரவலானது. லேசான கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் ஸ்பெக்ட் வகை ஸ்கேன் அது. சுற்றிலும் எடுத்த நிழல்களை ஒரே படமாக்க அந்த வகை ஸ்கேன்களில் நெடுங்காலம் பயன்பட்டதும் இதே திருத்தி இழுகும் கணக்குதான்.